தாயின் மேல் விழுந்த பழி: ஒரு விஞ்ஞானத் தொழிலின் வரலாறு

தென்காசியிலிருந்து இராஜபாளையம் செல்லும் நெடுஞ்சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த வாசுதேவநல்லூருக்குப் பூலித்தேவரின் கோட்டை இருந்த ஊர் என்ற சரித்திரப் பெருமை ஒன்று உண்டு; புளியமரத்தைத் தலவிருட்சமாகக் கொண்ட சிந்தாமணிநாதர் ஆலயத்தின் மூலஸ்தானத்திலேயே அம்மையும் அப்பனும் ஓருருவாய், அர்த்தநாரீஸ்வரராய், எழுந்தருளியிருக்கிறார்கள் என்ற ஆன்மிகப் பெருமை மற்றொன்று. படைப்பில் பெண்பாதியும் ஆண்பாதியும் சமபங்கு உடையவை என்ற தத்துவத்தைக் கருவறையில் வைத்து நூற்றாண்டுக் கணக்காக வழிபட்டு வந்த நம் சமூகம், கருவறைக்கு வெளியே வந்தவுடன் அதை மறந்துவிட்டது என்பதும் மெய்யே. கல்யாணமாகிச் சில வருஷங்கள் கழிந்தும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை என்றால் மலடி என்ற சொல் பெண்ணைத்தான் தேடிச் சென்றது. சிசு அங்கக் குறையோடு பிறந்தால் அது அவள் செய்த வினை என்றும், அவள் பார்த்த கிரகணம் என்றும், அவள் தின்ற பண்டம் என்றும் ஊர் பேசிற்று.

அந்தப் பழியைப் பெண்ணின் தலையிலிருந்து இறக்கிவைத்து, உண்மையான காரணத்தை ரசாயனத்திலும், கிருமியிலும், உணவின் குறையிலும், ஆலைப்புகையிலும் தேடிக் கண்டுபிடித்த ஒரு விஞ்ஞானத் தொழில் கடந்த நூற்றாண்டில் உருவாயிற்று. இனப்பெருக்க நச்சியல் என்றும் கரு வளர்ச்சி நச்சியல் என்றும் இரட்டைப் பெயரால் அழைக்கப்படும் அத்துறையின் விஞ்ஞானி விசாரிப்பவை இரண்டு: ஒரு பொருள் ஆணின் விந்தையோ பெண்ணின் சினையையோ கெடுத்துக் கருத்தரிப்பதைத் தடுக்கிறதா என்பது ஒன்று, கருத்தரித்த பின் சிசுவின் உயிரையோ, உருவத்தையோ, வளர்ச்சியையோ, பின்னாளைய அறிவையும் ஆற்றலையுமோ குலைக்கிறதா என்பது மற்றொன்று. இத்தொழில் எப்படிப் பிறந்தது, எவ்விதத் துயரங்களால் வளர்ந்தது, நம் நாட்டிலும் நம் தமிழ்மண்ணிலும் எவ்வாறு வேரூன்றியது என்பதை அறிந்துகொள்வது, வயலும் தோப்புமாக விளங்கும் இம்மலையடிவாரத்து மக்களுக்கு மிகவும் அவசியமானது.

கர்ப்பிணியைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மவர்க்குப் புதிதன்று. வாயும் வயிறுமாக இருப்பவளுக்குப் பப்பாளியை விலக்கிய பாட்டியும், கடும் மருந்தைக் கொடுக்கத் தயங்கிய நாட்டு வைத்தியரும், அந்தி சாய்ந்தபின் அவளைத் தனியே அனுப்பாத குடும்பமும், தாய் உட்கொள்வது சேயையும் சேரும் என்ற உண்மையைத் தம் அனுபவத்தால் உணர்ந்தே இருந்தனர். ஆயினும், அவ்விதிகள் யாவும் அவள் ஒருத்திக்கே விதிக்கப்பட்டமையால், குறை நேர்ந்தபோது விதி மீறியவளும் அவளே ஆனாள். மேனாட்டு வைத்தியமோ இதற்கு நேர்மாறான ஒரு தவற்றில் நெடுங்காலம் இருந்தது. கருப்பையும் நஞ்சுக்கொடியும் சிசுவை வெளியுலகத் தீங்குகள் அனைத்திலிருந்தும் காக்கும் அரண் என்றும், பிறவிக் குறைகள் பரம்பரையாக வருபவையே என்றும் அது நம்பியிருந்தது.

அந்நம்பிக்கையில் முதல் விரிசல் ஒரு பன்றித் தொழுவத்தில் விழுந்தது. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில் ஃபிரெட் ஹேல் என்பவர், சினைப்பன்றிக்கு வைட்டமின் 'ஏ' சத்து இல்லாத தீனியைக் கொடுத்துப் பார்த்தபோது, அது ஈன்ற குட்டிகள் கண்விழிகளே இல்லாமல் பிறந்ததை 1933-இல் அறிவித்தார். பரம்பரையில் எவ்விதக் குறையும் இல்லாத இனத்தில், தீனியின் குறை ஒன்றே கண்ணைப் பறித்துவிட்டது. 1941-இல் ஆஸ்திரேலியாவின் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த பச்சிளங் குழந்தைகள் ஒரே காலத்தில் பலராக வருவதைக் கண்டு வியந்து, அக்குழந்தைகளுடைய தாய்மார்களின் பேச்சுக்குக் காது கொடுத்தமையால், கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் அவர்களுக்கு ஜெர்மன் தட்டம்மை கண்டிருந்தது என்ற உண்மையைக் கண்டறிந்தார். தாயைக் குற்றம் சாட்டுவதை விட்டுத் தாயின் சாட்சியத்தைக் கேட்டதில்தான் இவ்விஞ்ஞானம் தொடங்கியது என்பதை இத்துறையில் புகும் மாணாக்கர் ஒவ்வொருவரும் நெஞ்சில் இருத்த வேண்டும்.

ஆனால் உலகத்தை உலுக்கி எழுப்பியது தாலிடோமைடு என்ற மாத்திரையே. மேற்கு ஜெர்மனியின் கிரூனெந்தால் கம்பெனி 1957-இல் தூக்கத்துக்கென விற்பனைக்குக் கொண்டுவந்து, முற்றிலும் அபாயமற்றது என்று விளம்பரம் செய்த அம்மருந்தை, மசக்கையால் வாடிய பெண்கள் பல தேசங்களிலும் நம்பிக்கையோடு உட்கொண்டனர். கருத்தரித்த நாளிலிருந்து ஏறத்தாழ 20-ஆம் நாள் முதல் 36-ஆம் நாள் வரையிலான குறுகிய காலத்தில் அதை உட்கொண்டோரின் சிசுக்கள், கைகால்கள் குறுகியும் சில வேளை முற்றிலும் இல்லாமலும் பிறந்தன. உலகெங்கும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இவ்வாறு பாதிக்கப்பட்டனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. 1961-இன் இறுதியில் ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸ் என்ற குழந்தை மருத்துவரும், ஆஸ்திரேலியாவில் வில்லியம் மக்பிரைட் என்ற மகப்பேறு மருத்துவரும் தனித்தனியே உண்மையை வெளியிட்ட பின்னரே அம்மருந்து கடைகளிலிருந்து நீங்கியது.

அமெரிக்காவில் அது விற்பனைக்கு வராமல் தடுத்து நிறுத்தியவர் பிரான்சஸ் கெல்ஸி என்ற பெண்மணி. அந்நாட்டு மருந்து ஆணையத்தில் 1960-இல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தம் மேசைக்கு வந்த அம்மருந்தின் விற்பனை விண்ணப்பத்தை, கம்பெனியார் திரும்பத் திரும்ப நெருக்கியும், ஆதாரம் போதாது என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அவர் அனுமதிக்க மறுத்துவிட்டார். அம்மறுப்புக்குப் பின்னே அனுபவம் இருந்தது. சிகாகோ சர்வகலாசாலையில் மாணவியாயிருந்தபோது, 1937-இல் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்ற ஒரு மருந்துக் கரைசலின் நஞ்சைக் கண்டறியும் பணியில் அவர் பங்குகொண்டவர். பிற்பாடு, வளர்ந்த முயல் எளிதில் சிதைத்துவிடும் கொயினாவை அதன் வயிற்றிலிருக்கும் கருவால் சிதைக்க இயலவில்லை என்பதைப் பரிசோதனையில் நேரில் கண்டவர். கரு என்பது சிறிய உருவில் இருக்கும் பெரியவரன்று. அதற்கெனத் தனி நியாயம் உண்டு என்பதை அவர் அறிந்திருந்தமையால்தான், கர்ப்பிணிகளுக்கு இது தீங்கற்றது என்பதற்குச் சான்று எங்கே என்று அவரால் கேட்க முடிந்தது. 1962-இல் ஜனாதிபதி கென்னடி அவருக்கு விருதளித்துச் சிறப்பித்தார். அதே ஆண்டில் அந்நாட்டு மருந்துச் சட்டமும் கடுமையாக்கப்பட்டது.

இதற்கு முன்னரே, 1959-இல், ஜேம்ஸ் வில்சன் என்ற அறிஞர் இத்துறையின் அடிப்படை விதிகளை வகுத்திருந்தார். தீங்கு நேர்வது கருவின் பருவத்தைப் பொறுத்தது. அளவு ஏற ஏறத் தீங்கும் ஏறும். மரணம், அங்கக் குறை, வளர்ச்சிக் குன்றல், செயற்குறை என நான்கு வடிவங்களில் அது வெளிப்படும் என்பன அவற்றுட் சில. 1966-இல் அமெரிக்க மருந்து ஆணையம் கருத்தரிப்பு, கரு வளர்ச்சி, பேறுகாலமும் பாலூட்டலும் என மூன்று கட்டங்களாகப் பரிசோதனை முறையை வரையறுத்தபோது, இது ஒரு முழுமையான தொழிலாயிற்று. தாலிடோமைடு எலிகளை அவ்வளவாகத் தாக்காமல் முயல்களைத் தாக்கியமையால், எலி ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டாவது பிராணியாக முயலையும் சோதிக்க வேண்டும் என்ற விதியும் நிலைபெற்றது.

அப்பரிசோதனைக் கூடத்தில் நடப்பதைச் சற்று அருகில் சென்று காண்போம். பெண் எலி சினையான நாள் குறித்து வைக்கப்பட்டு, கரு கருப்பையில் ஒட்டும் ஆறாம் நாள் முதல் உறுப்புகள் உருவாகி முடியும் காலம் வரை அதற்கு நாள்தோறும் அளந்த மருந்து கொடுக்கப்படுகிறது. ஈனுவதற்கு ஒரு நாள் முன்பு, ஏறக்குறைய இருபதாம் நாளில், கருப்பையின் இரண்டு கொம்புகளும் திறந்து பார்க்கப்படுகின்றன. சினைப்பையில் எத்தனை முட்டைகள் வெளிப்பட்ட தடம் இருக்கிறது, கருப்பையில் எத்தனை கருக்கள் ஒட்டின, அவற்றுள் எத்தனை கரைந்துபோயின, எத்தனை உயிரோடிருக்கின்றன என்று ஒவ்வொன்றாய் எண்ணிக் குறிக்க வேண்டும். பின்னர்க் குட்டிகளில் ஒரு பாதியைப் பதப்படுத்தி, மெல்லிய வில்லைகளாக அரிந்து, இதயமும் மூளையும் சிறுநீரகமும் பிழையின்றி அமைந்துள்ளனவா என்று நோக்குவர். மறுபாதியின் சதையைக் காரத்தில் ஊற வைத்துக் கண்ணாடிபோல் தெளியச் செய்து, எலும்புகளுக்கு மட்டும் செஞ்சாயம் ஏற்றுவர். அப்போது விலா எலும்பு ஒவ்வொன்றும், முதுகெலும்பின் கணு ஒவ்வொன்றும், விரல் நுனியின் அணுவளவான எலும்பும் செக்கச்செவேலென்று தனித்தனியே தெரியும். அலிசரின் என்ற அச்சாயத்தின் மூலப்பொருள், நம் சோழமண்டலக் கரையில் விளைந்து, கடல் கடந்து சென்ற செந்நிறத் துணிகளுக்குப் புகழ் தேடித்தந்த சாயவேரில் இருப்பதே என்பது தமிழர் அறிந்து மகிழத்தக்க செய்தி.

இவ்வேலைக்கு வேண்டிய முதற்குணம் பொறுமை. பன்னிரண்டு குட்டிகளைச் சுமந்த ஓர் எலியைப் பன்னிரண்டு சாட்சிகளாகக் கணக்கிடலாகாது, தாய் ஒன்றே சாட்சி ஒன்றே என்பது இத்துறையின் கணித நீதி. எந்தக் குட்டி மருந்து பெற்ற தாயினுடையது என்பதை அறியாமலே பரிசோதகர் அதைப் பார்க்க வேண்டும் என்பது இதன் ஒழுக்க நீதி. அவ்வொழுக்கம் தவறினால் என்ன நேரும் என்பதற்கு மக்பிரைடின் வாழ்க்கையே சாட்சி. தாலிடோமைடை அம்பலப்படுத்திப் புகழின் உச்சிக்கு ஏறிய அதே மருத்துவர், பிற்காலத்தில் முயல் பரிசோதனை ஒன்றின் விவரங்களைத் திரித்து எழுதினார் என்று 1993-இல் நிரூபிக்கப்பட்டு, மருத்துவர் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார். மசக்கை வாந்திக்கான டெபென்டாக்ஸ் என்ற மருந்து அங்கக் குறையை உண்டாக்குகிறது என்று அவர் சாட்டிய குற்றம் ஆராய்ச்சிகளில் நிலைபெறவில்லை. ஆனால் அதற்குள், வழக்குகள் குவிந்தமையால், 1983-இலேயே அம்மருந்து விற்பனையிலிருந்து நீங்கிவிட்டது. மருந்து கிடைக்காமல் அல்லற்பட்டவர்களும், தெரியாமல் உட்கொண்டுவிட்டோமே என்று காரணமின்றித் தம்மையே நொந்துகொண்டவர்களும் கர்ப்பிணிகளே. உண்மையை மறைப்பது போலவே, பொய்யாகப் பயமுறுத்துவதும் இறுதியில் தாயின் தலையிலேயே வந்து விடிகிறது.

இவ்வளவு காலம் விஞ்ஞானமும் தாயின் பாதியையே நோக்கியிருந்தது. தந்தையின் பாதியும் நஞ்சுக்கு இலக்காகும் என்பதை 1977-இல் கலிபோர்னியாவின் லாத்ரோப் நகரத்துத் தொழிலாளர்கள் உலகுக்கு உணர்த்தினர். வேர்களைத் தாக்கும் நூற்புழுவை அழிக்கும் டிபிசிபி என்ற ரசாயனத்தைத் தயாரித்த அந்நகரத்து ஆலை ஒன்றில் வேலை செய்த ஆண்கள், தங்களில் பலருக்கும் பிள்ளைப்பேறு நின்றுபோயிருப்பதைத் தமக்குள் பேசி அறிந்து, தாமே முன்வந்து பரிசோதனைக்கு உடன்பட்டபோது, பலருடைய விந்தில் உயிரணுக்கள் மிகக் குறைந்தும், சிலருக்கு அறவே இல்லாமலும் இருந்தது தெரியவந்தது. அதைவிடக் கொடிய உண்மை, அந்த ரசாயனம் எலிகளின் விரைகளைச் சுருங்கச் செய்வதை 1961-இலேயே ஓர் ஆய்வு வெளியிட்டிருந்தது என்பதாகும். பதினாறு வருஷங்கள் அந்த எச்சரிக்கை பத்திரிகைப் பக்கங்களில் உறங்க, அதே காலத்தில் எத்தனை குடும்பங்களில் பழி மனைவியின் மீது விழுந்திருக்கும் என்பதை யார் கணக்கிட வல்லார்?

இந்த ஆண்பாதியின் ஆராய்ச்சியில் தமிழகம் பெருமைக்குரிய பங்கு வகித்தது. மகப்பேறு மருத்துவத்தில் தலைசிறந்து விளங்கி, சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராக 1942 முதல் 1969 வரை வீற்றிருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரின் பெயரால் தரமணியில் அமைந்த அடிப்படை மருத்துவ விஞ்ஞானக் கல்வி நிலையத்தில், நாளமில்லாச் சுரப்பியியல் துறையைச் சேர்ந்த மைக்கேல் அருள்தாஸும் அவருடைய சகாக்களும் குரோமியம் என்னும் உலோகத்தை ஆராய்ந்தனர். ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்ட காலம் போய், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் குரோமிய உப்பால் பதனிடும் காலம் வந்தபின், அவ்வட்டாரத்து மண்ணிலும் நீரிலும் அவ்வுலோகம் கலந்தது; இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற கழிவு மட்டும் லட்சம் டன்னுக்கு மேற்பட்டது. குற்றால அருவிக்கரையில் நாம் தினமும் காணும் நாட்டுக்குரங்கின் இனத்தைச் சேர்ந்த ஆண் குரங்குகளுக்கு, நச்சுத்தன்மை மிக்க ஆறிணைதிறக் குரோமியத்தைக் குடிநீரில் கலந்து ஆறு மாதம் கொடுத்தபோது, அளவுக்கும் காலத்துக்கும் ஏற்ப உயிரணுக்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் குறைந்தன; நல்ல நீருக்கு மாற்றிய பின் மெல்ல மெல்ல அவை மீண்டன. மனிதனுக்கு உறவான ஒரு பிராணியில் இச்சேதத்தையும், தீங்கை நிறுத்தினால் மீட்சி உண்டு என்ற நம்பிக்கையையும் ஒருசேரக் காட்டியது அவ்வாராய்ச்சி.

நம் தேசத்தில் இத்தொழிலின் தேவையைத் துயரங்களே உணர்த்தின. 1958-இல் கப்பலில் வந்த கோதுமை மாவில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்து, கேரளத்தில் நூறு பேருக்கு மேல் மாண்டனர். நம் கிராமங்களில் பாலிடால் என்று வழங்கிய அதே நஞ்சுதான் அது. அதன் விளைவாக 1968-இல் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்தது. அக்காலத்தையொட்டியே, 1965-இல் இலக்னோவில் சிப்தே ஹசன் ஜைதி நச்சியல் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் போபாலில் ஆலை ஒன்றிலிருந்து விஷவாயு கசிந்தபோது, மக்கில் சர்வகலாசாலையின் மருந்தியல் பேராசிரியரான தயா வர்மா தாய்நாட்டுக்கு வந்து, ஒன்பது மாதங்களுக்குப் பின் 3,270 குடும்பங்களை வீடு வீடாக விசாரித்தறிந்த உண்மை நெஞ்சைப் பிளப்பது: ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் அன்றிரவு கர்ப்பவதிகளாயிருந்த 865 பெண்களில், நூற்றுக்கு 43 பேருக்கு மேல் உயிருள்ள குழந்தையைப் பெறவில்லை. பிறந்த குழந்தைகளிலும் நூற்றுக்கு 14 பேர் ஒரு மாதத்துக்குள் இறந்தனர். முந்திய இரண்டாண்டுகளில் அவ்விகிதம் மூன்றைத் தாண்டவில்லை. அவ்வாயுவை எலிகளிடத்தும் சோதித்துப் பார்த்து, கருச்சேதம் தாய்மாரின் பீதியால் மட்டும் விளைந்ததன்று, நஞ்சினாலேயே விளைந்தது என்ற முடிவுக்கு அவர் வலுவூட்டினார்.

நம் மலைத்தொடரின் வடபால், கேரளத்தின் காசர்கோட்டு மாவட்டத்தில் நிகழ்ந்தது இன்னும் நெடிய துயரம். தேயிலைக் கொசு எனப்படும் பூச்சியை அழிப்பதற்காக, அரசாங்கத்தின் முந்திரித் தோட்டங்களில் இருபது வருஷங்களுக்கு மேலாக எண்டோசல்பான் ஹெலிகாப்டரிலிருந்து தெளிக்கப்பட்டது. மேட்டிலிருந்த தோட்டங்களின் நஞ்சு, பள்ளத்திலிருந்த ஓடைகளிலும் கிணறுகளிலும் இறங்கியது. பிறந்த பிள்ளைகளின் குறைகளைக் கண்டு தெய்வக் குற்றமென்று அஞ்சிய கிராமத்தாருக்கு மத்தியில், பத்ரே என்ற ஊரில் சிகிச்சை நடத்தி வந்த டாக்டர் ஒய். எஸ். மோகன்குமார், ஒரே வட்டாரத்தில் நோய்கள் இப்படிக் குவிவானேன் என்று சக மருத்துவர்களைக் கேட்டு எழுதினார். லீலாகுமாரி அம்மா என்ற விவசாய இலாகா ஊழியர் 1998-இல் நீதிமன்றத்துக்குச் சென்று தடையுத்தரவு பெற்றார். ஆமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிலையத்தைச் சேர்ந்த ஹபிபுல்லா சையத் முதலானோர், தோட்டங்களின் அடிவாரத்து ஊரைச் சேர்ந்த 117 பள்ளிச் சிறுவர்களையும், நஞ்சு படாத ஊரின் 90 சிறுவர்களையும் ஒப்பிட்டு, முன்னவர்க்குப் பருவமடைதல் தாமதிப்பதையும் ஆண்மைச் சுரப்பில் மாறுதல் காண்பதையும் 2003-இல் வெளியிட்டனர். அவ்வாராய்ச்சியின் கணக்குகளைப் பற்றி வாதப் பிரதிவாதங்கள் எழுந்தது உண்மையே. விஞ்ஞானம் வாதத்தால் வளர்வது இயல்பு. 2011 மே 13-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நாடு முழுதும் அம்மருந்தைத் தடைசெய்தது. தடை வந்துவிட்டது, ஆனால் அதற்கு முன் ஒரு தலைமுறையே பரிசோதனைப் பொருளாயிற்று என்ற உண்மை எக்காலத்தும் நம்மை வருத்தும்.

இத்தொழிலின் அடுத்த அத்தியாயத்தையும் தமிழர் ஒருவர் எழுதியிருக்கிறார். திருச்சிராப்பள்ளியில் ஜமால் முகமது கல்லூரியில் விலங்கியல் போதித்து, பாரதிதாசன் சர்வகலாசாலையில் இனப்பெருக்க நச்சியலை வளர்த்த எம். ஏ. அக்பர்ஷா, அச்சர்வகலாசாலையில் 2009-இல் மகாத்மா காந்தியின் பெயர் தாங்கி அமைந்த மாற்றுமுறை ஆராய்ச்சி மையத்தின் தலைமையை ஏற்றார். பிராணிகளைக் கொண்டு ஆராய்ந்த ஒருவரே, பிராணிகளை வதைக்காமல் உண்மை அறியும் வழிகளைத் தேடுவதில் முன்னின்றது, இத்துறையின் மனச்சாட்சி விழித்திருப்பதற்கு அறிகுறி. பரிசோதனைக் குழாயில் வளரும் உயிரணுக்களும், நம் நாட்டு நீர்நிலைகளைச் சேர்ந்த வரிமீனின் ஒளி ஊடுருவும் முட்டைகளும் இன்று பல சோதனைகளுக்கு உதவுகின்றன. அம்முட்டைக்குள் ஒரே நாளில் உடலின் அமைப்பு உருவாவதை நுண்ணோக்கியில் நேராகவே காணலாம். அழகுப் பொருள்களைப் பிராணிகளிடம் சோதிப்பதை இந்தியா 2014-இல் தடைசெய்தது. புதிய மருந்துகளுக்கும் பிராணியல்லா முறைகளை 2023-இல் சட்டம் ஏற்றுக்கொண்டது. விலங்கியலோ, உயிர்வேதியியலோ, மருந்தியலோ, கால்நடை வைத்தியமோ பயின்ற நம் மாவட்டத்து இளைஞர்களும் யுவதிகளும் இத்துறையில் தாராளமாகப் புகலாம். அவர்களுக்கு வேலை காத்திருக்கிறது, கடமையும் காத்திருக்கிறது.

அக்கடமை யாது என்பதைப் பூச்சிமருந்துப் புட்டியின் முகத்தில் இருக்கும் முக்கோணமே சொல்லும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற அந்நிறங்கள், எவ்வளவு உட்கொண்டால் அல்லது தோலில் பட்டால் பரிசோதனைப் பிராணி உடனே சாகும் என்ற கணக்கை மட்டும் கொண்டு இடப்பட்டவை. மருந்தடித்த வயலில் மறுநாள் களை பறிக்கச் செல்லும் கர்ப்பிணியின் சிசுவைப் பற்றியோ, தெளிப்பானை முதுகில் சுமந்து வரப்பில் நடக்கும் அவள் புருஷனின் விந்தைப் பற்றியோ அவை ஒரு வார்த்தையும் கூறுவதில்லை. பச்சை முக்கோணத்தைக் கண்டு பயமில்லை என்று எண்ணுபவரைக் குறைகூற நமக்கு உரிமை கிடையாது. அப்படி எண்ணும்படியே அது அச்சிடப்பட்டிருக்கிறது. பதிவு பெறுவதற்காகக் கம்பெனிகள் ஒப்படைக்கும் இனப்பெருக்கச் சோதனை முடிவுகள் சர்க்காரின் கோப்புகளில் தங்கிவிடாமல், கூலிக்குப் போகிறவள் படித்தறியும் எளிய தமிழில் அப்புட்டியின் மேலேயே வர வேண்டும். பொருளை விற்பவன் முதலில் சான்று காட்ட வேண்டுமேயன்றி, குறையோடு பிறந்த பிள்ளையை இடுப்பில் ஏந்தி வரும் தாயிடம் நாம் சான்று கேட்கலாகாது. கெல்ஸி அம்மையார் தம் மேசையிலிருந்து கேட்ட கேள்வியை, நம் வேளாண்மை அலுவலகங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உரம் பூச்சிமருந்துக் கடைகளிலும் கேட்கக்கூடிய விஞ்ஞானிகள் இம்மண்ணிலிருந்தே தோன்றுவார்களானால், பெண்ணின் மேல் சுமத்திய பழிக்கு இச்சமூகம் செய்யவேண்டிய பிராயச்சித்தத்தின் முதற்படி அதுவாகவே இருக்கும்.